திரையில் அரிச்சுவடி

விரலால் திரையில் எழுத்துப் பழக்கும் கல்விச் செயலிகள் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டக் குழந்தைகளுக்கும் எட்டியுள்ளன. எழுத்தை எங்கே தொடங்கி எப்படிச் சுழித்து முடிப்பது என்பதை அம்புக்குறியும் புள்ளியும் இட்டுக் காட்டுவது இவற்றின் பலம். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி அ, இ, ண போன்ற சுழி எழுத்துகளுக்குச் செல்லும் செயலி குழந்தைக்கு எளிது. தவறினாலும் அழித்து, சலிக்காமல் மீண்டும் எழுதலாம்.

ஆனால் வழுக்கும் கண்ணாடியில் பென்சில் பிடிப்பு வராது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து தரும் அழுத்தமும் இரட்டைக் கோட்டுக்குள் அளவாக எழுதுவதும் தாளில்தான் படியும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியபோது கிடைத்த உராய்வுகூடத் திரையில் இல்லை.

1 முதல் 3ஆம் வகுப்பு வரையான குழந்தைகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைகளை வகுத்தது. செயலிகளும் அந்நிலைகளை ஒட்டி அமைய வேண்டும். கல்வராயன் மலையின் சிக்னல் எட்டாத சிற்றூர்களுக்கு இணையமின்றி இயங்கும் செயலியே உதவும். திரையில் ஒரு முறை கண்ட எழுத்தைக் குழந்தை நோட்டில் பத்து முறை எழுதுவதைப் பள்ளிகள் உறுதிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி