தாய் சேய் அட்டையை யார் படிக்கிறார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணியோ பச்சைக் குழந்தையோ இருந்தால் முழுசா படிச்சிடுங்க. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். பிறந்து 6 நாளான குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"காலையில இருந்து பால் குடிக்க மாட்டேங்குது டாக்டரம்மா, தூங்கிக்கிட்டே இருக்கு" என்றார் பாட்டி.

துணியை விலக்கிப் பார்த்தேன். முகம், நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் மஞ்சள். உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். அங்கேயும் மஞ்சள்.

பிலிருபின் 27.

எங்களுடையது தாலுகா மருத்துவமனை. இந்த அளவுக்கு ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும். 108ல் ஏற்றி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம்.

வண்டி வருவதற்குள் கேட்டேன், எப்போ இருந்து இப்படி இருக்குன்னு.

"ரெண்டு நாளா இருக்குங்க. தினம் காலையில வெயில்ல காட்டிட்டுத்தான் இருந்தோம். உரை மருந்தும் உரசிக் குடுத்தேன்."

குழந்தையின் அம்மா ப்ளஸ் டூ படித்த பெண். அவள் கையில் தாய் சேய் அட்டை இருந்தது. ஊசி அட்டை என்று எல்லோரும் சொல்வோமே, அதுதான். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு மடிப்பு கலையாமல் வைத்திருந்தாள். நான் பிரித்துக் காட்டினேன். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால், பால் குடிக்க மறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும்னு அதிலேயே போட்டிருக்கு.

"இதைப் படிக்கலையாம்மா?"

"ஊசி போடுறப்போ எடுத்துட்டு வரச் சொன்னாங்க மேடம். தொலையக்கூடாதுன்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் முன்பு அவளை வீட்டுக்கு அனுப்பிய டிஸ்சார்ஜ் ஷீட்டில் இருப்பது என் கையெழுத்து. அன்றைக்கே குழந்தையின் முகத்தில் லேசாக மஞ்சள் இருந்தது. அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு ஏ பாசிட்டிவ். இப்படி ரத்த வகை மாறும்போது மஞ்சள் வேகமாக ஏறலாம் என்று எனக்குத் தெரியும். "நல்லா பால் குடுங்க, மஞ்சள் அதிகமானா வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அதிகம்னா எவ்வளவு? எங்கே பார்க்கணும்? எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் அவள் மடியில் இருந்த அட்டையில் அச்சாகி இருந்தது.

அட்டையை நாம என்னவா ஆக்கி வெச்சிருக்கோம்னு யோசிச்சுப் பாருங்க. ஊசி தேதி குறிக்க ஒரு சீட்டு. பிக்மி நம்பருக்கு, முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு ஆதாரம். ரேஷன் கார்டு மாதிரி பீரோவுக்குள் போய்விடுகிறது. அது ஒரு புத்தகம் என்று அம்மாக்களுக்கு நாம் சொன்னதே இல்லை. எழுத்து பொடிசு, தமிழ் அரசாணைத் தமிழ் என்பதும் உண்மைதான். ஆனாலும் கடையில் காசு கொடுத்து வாங்கும் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் பலவற்றை விட அவசியமான விஷயம் அதில் இருக்கிறது.

மஞ்சள் விஷயத்தில் புத்தகம் ஏன் அவ்வளவு முக்கியம்? நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகத்தான் ஆகும். அது உச்சத்துக்குப் போவது 3லிருந்து 5ஆம் நாளுக்குள். சுகப்பிரசவமான தாய் 3ஆம் நாள் வீட்டில் இருப்பாள். அதாவது பார்க்க வேண்டிய நாட்களில் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. கிராம சுகாதார செவிலியர் வரும் வரை குழந்தையைப் பார்க்கும் ஒரே ஆள் அம்மாதான்.

அந்தப் பாட்டி என்னிடம் சொன்னார்: "எனக்கு நாலு பிள்ளைங்க. நாலு பேருக்கும் வெயில்தான் காட்டினேன்." பொய் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மஞ்சள் தானாகவே இறங்கிவிடும். பேர் வெயிலுக்குப் போய்விடும். நாங்கள் கொடுப்பது நீல ஒளி, குறிப்பிட்ட அலைநீளத்தில், குறிப்பிட்ட அளவில், மணிக்கணக்கில். வாசலில் பத்து நிமிஷம் காட்டும் வெயில் அந்த வேலையைச் செய்யாது. அதைவிட மோசம், வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதியில் ரெண்டு நாள் போய்விடுகிறது. அளவு மீறிய பிலிருபின் மூளையில் படிந்தால் காது கேட்காமல் போகலாம், கை கால் இயக்கம் நிரந்தரமாகப் பாதிக்கலாம். (எங்கள் ஆட்களிலேயே சிலர் இன்னும் "வெயில்ல காட்டுங்க"ன்னு சொல்றாங்க. அதுவும் தெரியும்.)

அந்தப் பெண்ணுக்கு 5ஆம் நாளே பயம் வந்திருக்கிறது. "ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டேன் மேடம். பொறந்த குழந்தைக்கு அப்படித்தாண்டி இருக்கும்னு அம்மா சொன்னாங்க." 21 வயசுப் பெண், நாலு பெற்ற தாயிடம் என்ன சொல்லி வாதாடுவாள்? "கவர்மென்ட் புக்குல போட்டிருக்கும்மா, பாரு" என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரி வேண்டும். அந்த வரி வீட்டிலேயே இருந்தது, பிரிக்காத கவருக்குள்.

ஜப்பானில் 1948லிருந்து தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே கையேடு கொடுக்கிறார்கள். அதில் அம்மாவே எழுத வேண்டிய பக்கங்கள் உண்டு. 2012லிருந்து அதில் ஒரு வண்ண அட்டையும் இருக்கிறது. குழந்தையின் மலத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்கு மலம் வெளுத்துப் போகும். பிறந்து 60 நாளுக்குள் ஆபரேஷன் செய்தால் பலன் அதிகம். அம்மா படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு விடாம, கையில் வைத்துப் பார்க்க ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

"எல்லாம் போன்லயே இருக்கே டாக்டர்" என்பீர்கள். குழந்தை மஞ்சளா இருக்குன்னு தேடினா பத்து கை வைத்தியம் வரும். அட்டையில் ஒன்றுதான் வரும்: கிளம்பு.

இப்போது டிஸ்சார்ஜ் அன்று ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன். அட்டையைப் பிரித்து அந்த ஒரு பக்கத்தை அம்மாவையே சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன், பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்து. அம்மாவுக்குப் படிக்க வராதென்றால் வீட்டுக்காரர் படிக்கட்டும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையின் உள்ளங்காலை பாட்டியையே அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். இது தினமும் உங்க வேலை பாட்டிம்மா என்றால் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறார்கள். 5ஆம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்னுக்கு போகுதான்னு எண்ணச் சொல்கிறேன். வார்டு நிரம்பி வழியும் நாளில் ஐந்து நிமிஷம் மூன்றாகிவிடும். விடுவதில்லை.

உங்க வீட்ல அட்டை இருந்தா இன்னைக்கே கவர்ல இருந்து எடுங்க. பச்சிளம் குழந்தைக்கான ஆபத்து அறிகுறிகள் இருக்கும் பக்கத்தை ஒரு தடவை பாட்டி காதில் விழுகிற மாதிரி படியுங்க. பால் குடிக்காதது, வேகமாக மூச்சு விடுவது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, வலிப்பு, துவண்டு கிடப்பது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சள். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் 108 வரும்.

அந்தக் குழந்தைக்கு மெடிக்கல் காலேஜில் அன்று இரவே ரத்தம் மாற்றினார்கள். இப்போ நல்லா பால் குடிக்குது, எடை ஏறுது. காது கேட்குதான்னு பார்க்கிற டெஸ்ட் அடுத்த மாசம்.