வெண்கலத்தில் மட்டுமா சமத்துவம்?

செனகல் நாட்டின் தலைநகராம் டாக்காரில், புகையிரத நிலையத்தின் முன்னே இரு போர்வீரர் சிலையாய் நிற்கின்றனர். ஒருவன் ஆபிரிக்கன், மற்றவன் பிரெஞ்சுக்காரன். ‘டெம்பா, டுப்போன்’ என்பன மக்கள் இட்ட பெயர்கள். முதலாம் உலகப் போரில் மாண்டோரின் நினைவாக 1923 இல் பிரெஞ்சு ஆட்சி எழுப்பியது இச்சிலை. அப்போருக்கெனப் பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்காவிலே திரட்டப்பட்டோர் ஏறத்தாழ 200,000 பேர். மடிந்தோர் ஏறத்தாழ 30,000 பேர்.

சிலையிலே இருவரும் தோழர்கள். சம்பளப் பட்டியலிலும் தோழர்களாய் இருந்தனரா என்பதே நமது கேள்வி.

விடை டாக்காரை அடுத்த தியாரோய் முகாமில் உண்டு. இரண்டாம் உலகப் போரிலே பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட ஆபிரிக்க வீரர்கள், தமக்குச் சேரவேண்டிய சம்பள நிலுவையைக் கேட்டனர். 1944 டிசெம்பர் 1 ஆம் திகதி பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டு வீழ்த்தியது. இறந்தோர் 35 பேர் என்றது அன்றைய அரச கணக்கு. 2014 இல் அதே அரசு எழுபதுக்கு மேல் என்றது. பல நூறு என்பர் வரலாற்றாசிரியர் சிலர். நடந்தது படுகொலையே எனப் பிரெஞ்சு சனாதிபதி ஒப்புக்கொள்ள 2024 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. எண்பது ஆண்டுகள்!

இத்தோடு முடிந்ததா? 1959 இல் இயற்றிய சட்டத்தால், விடுதலை பெற்ற நாடுகளின் முன்னாள் வீரர்க்குரிய ஓய்வூதியத்தை உயராது உறைய வைத்தது பிரான்சு. ஒரே போர்க்களம், ஒரே குண்டு. முதுமையிலே மட்டும் இரு வேறு விலை!

‘நினைவுச்சின்னம் மாண்டோருக்குரியது, அங்கே அரசியல் பேசலாமோ?’ எனச் சிலர் முகஞ் சுளிப்பர். குடியேற்றநாட்டு மக்களை அந்நியர் போருக்கு இழுத்துச் சென்றது அரசியலன்றோ? அச்சாவுக்குச் சகோதரத்துவம் எனப் பெயரிட்டதும் அரசியலன்றோ?

சிலையை உடையுங்கள் என நாம் கூறவில்லை. 1983 இல் செனகல் அரசு அதனை அகற்றியது. 2004 இல் மீண்டும் நிறுத்தியது. அகற்றியதால் கடன் தீரவில்லை. மாலை சூட்டியதாலும் தீரவில்லை. ஆவணங்கள் முழுதும் திறக்கப்படட்டும். தியாரோயில் வீழ்ந்தோர் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்படட்டும். உரிய பணம் உரியோரின் வழித்தோன்றல்களைச் சேரட்டும்.

வரலாறு கற்பிக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. எந்த ஊரிலே எந்தப் போர்வீரன் சிலையைக் காணினும், ‘இவனைப் போருக்கு அனுப்பியவர் யார்? இவன் கூலியைக் கொடுத்தனரா?’ என்று கேட்க நம் மாணவரைப் பழக்குவோம்.