எனக்கு எடை குறைவு இல்லை, உங்கட கைற்தான் பெரிசு

போன சோளகக் காலம், ரியூசன் குடுத்துச் சேர்த்த காசில கற்பிட்டிக்குப் போய் மூன்று நாள் கைற்சேர்ஃபிங் வகுப்பு எடுத்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் களப்பில இடுப்பளவு தண்ணியில நின்ற என்னை ஒரு 9 மீற்றர் கைற் தூக்கி, கொஞ்சத் தூரம் இழுத்துக்கொண்டுபோய் முகங்குப்புறப் போட்டது. சிப்பி வெட்டி முழங்காலில இரத்தம். எழும்பி உப்புத்தண்ணியைத் துப்பிக்கொண்டு நிக்க, சொல்லித்தந்த அண்ணா சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "வெயிட் காணாது தங்கச்சி. நல்லாச் சாப்பிட்டு உடம்பு வச்சிட்டு வாங்க."

நானும் சிரிச்சேன். அதை நினைக்கத்தான் இப்பவும் எரியுது.

நான் 48 கிலோ. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல. எங்கட பட்ச்சில பாதிப் பெட்டையள் இந்த அளவுதான், மெலிஞ்ச பெடியளும் கனபேர் இருக்கினம். இது வருத்தம் இல்லை, குறை இல்லை, சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்லை. அன்றைக்கு நடந்தது ஒரு சின்னக் கணக்குப் பிழை. அந்தப் பிழையைச் செய்தது நான் இல்லை.

கைற்றில எழுதியிருக்கிற இலக்கம் அதின்ர பரப்பளவு. 9 என்றால் 9 சதுர மீற்றர் துணி. எந்தக் காத்துக்கு எந்தக் கைற் என்று கொம்பனிகள் போடுற அட்டவணைகளை எடுத்துப் பாருங்கோ. கீழே சின்ன எழுத்தில 75 கிலோ அல்லது 80 கிலோ ஆளுக்கு என்று இருக்கும். சிலதில அதுவும் இருக்காது. இந்த விளையாட்டில "சராசரி ஆள்" என்றால் ஒரு நடுத்தர ஐரோப்பிய ஆம்பிளை. மற்ற எல்லாரும் அவரிட்ட இருந்து கூட்டிக் கழிச்சுக்கொள்ள வேண்டும்.

கழிச்சுப் பாப்பம். 48ஐ 80ஆல் பிரிச்சால் 0.6. 80 கிலோ ஆள் 9 மீற்றர் பிடிக்கிற காத்தில எனக்கு வேண்டியது ஏறத்தாழ 5.4. அவர் 12 பிடிச்சால் எனக்கு 7.2. இப்ப மற்றப் பக்கமாப் போடுங்கோ. நான் 9 பிடிச்சது, அவர் அதே காத்தில 15 மீற்றர் பிடிச்சதுக்குச் சமன். 20 நொட் காத்தில, இன்னும் போர்டில ஏறிப் பழகாத ஒரு 80 கிலோ ஆளிட்ட 15 மீற்றர் கைற்றைக் குடுத்து "போய்ப் படியுங்க" என்று அந்த அண்ணா சொல்லுவாரா? சொன்னால் கரையில நிக்கிற மற்ற ஆக்கள் ஓடிவந்து பறிச்சிருப்பினம். எனக்குக் குடுக்கேக்க ஒருத்தரும் ஓடிவரேல்ல.

கணக்கு நூற்றுக்கு நூறு நேர்கோட்டில போகாது என்பதையும் சொல்லவேணும். ஆள் பாதியாகினால் போர்டின்ர இழுவையும் தண்ணியின்ர தடையும் பாதியாகிறதில்லை. அதால மெலிஞ்ச ஆக்களுக்கு, முக்கியமாக் காத்துக் குறைஞ்ச நேரம், கணக்குச் சொல்லுறதை விட ஒரு சொட்டுப் பெரிய கைற் வேண்டியிருக்கும். 5.4 வாற இடத்தில 6, 7.2 வாற இடத்தில 8 என்று வைக்கலாம். ஆனால் 5.4 வாற இடத்தில 9 என்று வைக்கேலாது.

காத்தின்ர கணக்கு இன்னும் மோசம். காத்து இரண்டு மடங்கானால் கைற்றின்ர இழுவை நாலு மடங்கு. வேகத்தின்ர வர்க்கத்தில கூடும். 18 நொட்டில அடிச்சுக்கொண்டிருக்கிற காத்து ஒரு வீச்சில 26க்குப் போனால் இழுவை இரட்டிப்பிலும் கொஞ்சம் கூட. கற்பிட்டியில மே தொடக்கம் ஒக்ரோபர் வரை சோளகம் சும்மா வீசிறதில்லை, மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் ஏறும். 80 கிலோ ஆளுக்கு அந்த வீச்சு ஒரு தள்ளு. ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சின கைற்றோட நிக்கிற 48 கிலோக்கு அது ஒரு பறப்பு.

இதைப் பௌதிகம் படிச்சவைதான் சொல்லவேணும் என்றில்லை. வடக்கில பட்டம் ஏத்தினவைக்கு இது தெரியும். வல்வெட்டித்துறையில தைப்பொங்கலுக்கு ஏத்துற பெரிய பட்டங்களுக்குக் கயிறு பிடிக்க எத்தனை பேர் நிக்கினம் என்று பாத்திருப்பியள். 2021 டிசம்பரில பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞர் பட்டக் கயிற்றோட வானத்துக்குப் போன வீடியோ உலகம் முழுக்கச் சுத்தினது. கூடப் பிடிச்சவை கயிற்றை விட்டிட்டினம், அவர் விடேல்ல. நல்லகாலம், உயிர் தப்பினார். அந்த நேரம் பட்டமும் மாறேல்ல, காத்தும் மாறேல்ல. கயிற்றில தொங்கின எடை மட்டும்தான் குறைஞ்சது. அந்த வீடியோவைப் பாத்து நாங்கள் எல்லாரும் சிரிச்சம், பகிர்ந்தம். அவரைப் பாத்து ஒருத்தரும் "சாப்பிட்டு உடம்பு வையுங்கோ" என்று சொல்லேல்ல.

சரி, மறுபக்கத்திலயும் ஒரு நல்ல வாதம் இருக்கு. "பெரிய கைற் ஆறுதலாத் திரும்பும், படிக்கிறவைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். சின்னக் கைற் துடிதுடிக்கும், கை கொஞ்சம் அசைஞ்சாலே சுழண்டு விழும்." உண்மை. 5, 6 மீற்றர் கைற் பிடிச்ச முதல் நாள் நானும் அதை மூன்று தரம் தண்ணிக்குள்ள அடிச்சேன். ஆனால் துடிப்புக்கு மருந்து வேற இருக்கு. பாரின்ர அகலத்தைக் குறைக்கலாம். 50, 52 செ.மீ. பாரைப் பிடிச்சுச் சின்னக் கைற்றைத் திருப்பினால் துடிக்காமல் என்ன செய்யும்? 42, 45 செ.மீ. பார் என்றால் அதே கை அசைவுக்குக் கைற் குறைவாத் திரும்பும். கனக்க பார்களில நுனியில இருக்கிற கயிற்றை உள்பக்கம் மாத்திக் கட்டவே இடம் விட்டிருக்கினம், ஐந்து நிமிச வேலை. கயிற்றின்ர நீளத்தையும் குறைக்கலாம். திரும்புறது மெதுவாகாது என்றாலும், கைற் பாயிற தூரம் குறையும், பிழைவிட்டால் விழுற இழுவையும் குறையும். துடிக்கிற சின்னக் கைற்றைப் பிழையா ஓட்டினால் கைற்தான் தண்ணியில விழும். ஆறுதலான பெரிய கைற்றைப் பிழையா ஓட்டினால் விழுறது நான். இரண்டும் ஒன்றா?

உண்மையில பெரிய கைற் குடுக்கிறதுக்குக் காரணம் இந்த வாதம் இல்லை. எங்களுக்குச் சொல்லித்தந்த இடத்தில 7க்குக் கீழ ஒரு கைற்கூட இல்லை. இருந்ததைக் குடுத்தினம், பிறகு அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சினம்.

அப்ப மெலிஞ்ச ஆள் ஒருவர் முதல் கைற் ஒன்று வாங்கிறதென்றால் என்ன பாக்கிறது? 45 தொடக்கம் 52 கிலோவுக்குள்ள, கற்பிட்டிச் சோளகத்துக்கு என்றால் நான் 6 என்றுதான் சொல்லுவேன். டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை வாற மெல்லிய காத்துக்கு 8. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் 6ஐ வாங்கிப்போட்டு, காத்துக் காணாத நாளில கரையில இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. "எல்லாத்துக்கும் நடுவில 9 எடுங்கோ" என்று யாராவது சொன்னால், அவர் தன்ர நடுவைத்தான் சொல்லுறார்.

அளவுக்கு அடுத்தது கைற்றின்ர வகை. காத்து நிரப்புற கைற்றை 1984இல் பிரான்சின் லெகெனூ சகோதரர்கள் காப்புரிமை எடுத்தவை. அதுக்குப் பிறகும் இருபது வருசமளவு கடலில ஆதிக்கம் செலுத்தினது சி வடிவக் கைற். பாரைத் தள்ளினாலும் இழுவை முழுசாப் போகாது, தண்ணியில விழுந்தால் திரும்ப எழுப்புறதும் பெரும்பாடு. 2005 அளவில அதே சகோதரர்களின்ர போ வகைக் கைற் சந்தைக்கு வந்த பிறகுதான் பாரைத் தள்ளினால் இழுவை கிட்டத்தட்டச் செத்துப்போற நிலை வந்தது. படிக்கிற ஆள், அதிலயும் மெலிஞ்ச ஆள், போ அல்லது டெல்ரா வகைக்கு வெளியால போகவே வேண்டாம். ஆனால் எங்களுக்கு ஊரில மலிவாக் கிடைக்கிறது என்ன? வெளிநாட்டுக்காரர் திரும்பிப் போகேக்க வித்திட்டுப் போற பழசுகள். "படிக்கத்தானே, இது காணும்" என்று தலையில கட்டுவினம். பழசு வாங்கிறது பிழை இல்லை. எங்கள்ள யாரிட்ட இருக்கு புதுசுக்குக் குடுக்க சில இலட்சம்? ஆனால் காத்து நிரப்பி இரண்டு மூன்று மணித்தியாலம் வச்சுப் பாருங்கோ, இறங்குதா என்று. துணியைக் கையால கசக்கிப் பாருங்கோ, பழைய சீலை மாதிரித் தொய்ஞ்சு கிடந்தால் விட்டிடுங்கோ. நாலு கயிற்றையும் ஒரு ஆணியில கொழுவி இழுத்து, நீளம் சரியா என்று பாருங்கோ.

எல்லாத்துக்கும் மேல, அவசரத்துக்குக் கைற்றைக் கழட்டிவிடுற பிடியைப் பாருங்கோ. இதுக்கு 2020இல் ஐ.எஸ்.ஓ. 21853 என்று ஒரு சர்வதேசத் தரமே வந்திருக்கு. பழசுகளில உப்பும் மணலும் ஏறி அந்தப் பிடி இறுகிக் கிடக்கும். கடைக்காரர் தன்ர பெரிய கையால, இழுவை இல்லாமல், ஒருக்கா டக்கென்று தள்ளிக் காட்டுவார். அதை நம்பாதேங்கோ. ஹார்னஸைப் போட்டு, பாரை ஒரு மரத்தில கட்டி, உங்கட முழு எடையையும் குடுத்துத் தொங்கிக்கொண்டு, நனைஞ்ச ஒற்றைக் கையால தள்ளிப் பாருங்கோ. போகாட்டி அந்த பார் உங்களுக்கானது இல்லை. எனக்குக் குடுத்ததில இழுவையைக் குறைக்கிற வாருக்கு என்ர கை எட்டவே இல்லை. பாரை முழுக்கத் தள்ளினால் வார் அதுக்கும் அங்கால நிக்கும். கை நீளமான ஆளுக்குச் செய்த சாமான். சில பார்களில அந்தத் தூரத்தைக் குறைக்கலாம், கேட்டு வாங்குங்கோ.

ஹார்னஸ் கதை இன்னும் கேவலம். இடுப்பு ஹார்னஸ் பெரிசென்றால் இழுவை வந்தவுடன நெஞ்சுக்கூடு வரை ஏறி மூச்சடைக்கும். எங்களிட்ட இருந்த ஆகச் சின்னதே எனக்கு இரண்டு விரல் தளர்வு. தொடைக்குள்ளால பட்டி வாற இருக்கை ஹார்னஸ் மேல ஏறாது. வடிவில்லை என்று அதை வைக்கிறதில்லையாம். வடிவு! போர்டிலயும் இதே கதைதான், 140 செ.மீ.யை விட்டிட்டு 132, 135 பக்கம் பாருங்கோ.

இதை எழுதுறன் என்று சொன்னவுடன எங்கட வட்டத்தில ஒரு நண்பர் கேட்டார்: "இது வெள்ளைக்காரர் விளையாட்டு. கற்பிட்டியில மீன்பிடிக்காரர் நிலத்துக்கும் கரைக்கும் அடிபடுகினம், நீ கைற் சைஸ் கதைக்கிறாய்?" அந்தச் சண்டை நியாயமானது. அதுக்கும் எழுதுவம். ஆனால் அந்தக் கரையில இப்ப சம்பளம் எடுக்கிறவையில கனபேர் அந்த ஊர்ப் பெடியள். கைற் பிடிக்கப் பழகி, பிறகு சொல்லிக்குடுக்கிறவையா வந்தவை. அதே ஊரில பிறந்த பெட்டையள் ஏன் அங்க இல்லை? வீடு விடாது, ஊர் கதைக்கும், உடுப்புப் பிரச்சினை என்று நூறு காரணம் சொல்லலாம், எல்லாம் உண்மைதான். அதையெல்லாம் தாண்டி ஒருத்தி தண்ணிக்குள்ள இறங்கினால், முதல் நாளே 9 மீற்றரைக் குடுத்து, இழுபட விட்டு, "உனக்கு வெயிட் காணாது" என்று அனுப்பினால் அவள் திரும்ப வருவாளா? வீட்டில கேக்கிற ஆக்களுக்கு அவளே சொல்லுவாள், "எனக்கு அது சரிவராது" என்று. நானும் அப்பிடித்தான் இரண்டு மாசம் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

பிறகு ஒரு தோழி தன்ர ஆளுக்குத் தெரிஞ்ச வேற இடம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்க இருந்தவர் பேர் கேக்க முதல் எடை கேட்டார். 48 என்றேன். காத்தைப் பாத்து, உள்ளுக்குப் போய், ஒரு 6 மீற்றரையும் குட்டிப் பாரையும் எடுத்துவந்தார். மூன்று தரம் தண்ணிக்குள்ள அடிச்சேன் என்று சொன்னது அன்றைக்குத்தான். நாலாவது தரம் போர்டில எழும்பி, பத்து விநாடியாவது போயிருப்பேன்.

அடுத்த சோளகத்துக்கு வகுப்புக்குக் காசு கட்ட முதல் போன் எடுத்து ஒன்றை மட்டும் கேளுங்கோ: "உங்களிட்ட இருக்கிற ஆகச் சின்னக் கைற் எத்தனை மீற்றர்?" பதில் 7 அல்லது 8 என்று வந்தால், உங்கட எடையைச் சொல்லிப்போட்டு போனை வையுங்கோ.