டப்பாவில் 500 வாட்ஸ்! காதில் எத்தனை?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி டாக்சிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை வண்டிக்கு ஓய்வு கிடையாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஏறி உட்காரும் குடும்பம், "அண்ணாச்சி, ஒரு பாட்டுப் போடுங்க!" என்று கேட்கும்.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் கரகர என்று இழுக்கும்!

உடனே கடைக்கு ஓட்டம். டப்பாவில் 500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பிச் சில நாள் சம்பாத்தியத்தைக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு வைத்த பணமாகவும் அது இருக்கலாம்.

எங்கே போகிறது 500?

ஸ்பீக்கர் சக்தியை உண்டாக்குவதில்லை. ஸ்டீரியோ கொடுப்பதை வாங்கிச் சத்தமாக்குகிறது, அவ்வளவுதான். ஸ்டீரியோ ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். தனி ஆம்ப்ளிபயர் இல்லாத வண்டியில், ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 15 முதல் 20 வாட்ஸ். அண்டா பெரிதாக இருந்தால் குழாயில் தண்ணீர் அதிகமாக வருமா?

பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற எண்ணை. ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் சக்தி அதுதான். அதைக் குட்டி எழுத்தில் போட்டுவிட்டு, 500-ஐப் பெரிதாகப் போடுவது என்ன நியாயம்?

இன்னொன்று 'சென்சிட்டிவிட்டி'. இது டெசிபல் கணக்கு. 89 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்ஸில் தரும் சத்தத்தை, 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸிலேயே தந்துவிடும். ஆம்ப்ளிபயர் செலவு மிச்சம்!

கெட்டது ஸ்பீக்கர்தானா?

வாங்கப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் ஒரு டார்ச் செல்லை நொடிப் பொழுது தொட்டால் 'டப்' என்று சத்தம் வரவேண்டும். வந்தால் உள்ளே இருக்கும் சுருள் அறுபடவில்லை. பேப்பரும் கிழியாமல் இருந்தால் கோளாறு ஒயரில் இருக்கலாம். ஒயருக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

புதியது வாங்கும்போது பழைய ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பழையதில் 4 ஓம் என்றால் புதியதும் 4 ஓம். குறைந்த ஓம் மாட்டினால் ஸ்டீரியோ சூடேறிக் கருகக்கூடும். அகலம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஆழமும் பார்க்க வேண்டும். காந்தம் நீண்டிருந்தால், கதவுக் கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும்.

சாரல் ஊருக்கு எது ஏற்றது?

கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது சகஜம். அது ஸ்பீக்கர் பக்கம் வராமல் இருக்க, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டும் அவசரத்தில் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள்! அதைத் திரும்ப ஒட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஈரத்தில் பேப்பர் ஊறும். ஓரத்து ஸ்பாஞ்சு நாளடைவில் உதிரும். பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் ஓரமும் உள்ளவை இந்தப் பக்கத்து மழைக்கு நிற்கும். கொஞ்சம் விலை கூடும். ஆனாலும் அடுத்த சீசனில் மறுபடி கடைக்கு ஓட வேண்டாம்.

மாட்டி முடிந்ததும் பாட்டுப் போட்டுக் கேட்க வேண்டும். தவில் சத்தம் மெலிந்து ஒலித்தால், ஒரு பக்க ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். அந்த இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். கூலியைக் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.