பழைய கார்வெட்டும் பொட்டி தட்டுறவனும்

முதல்லயே சொல்லிடறேன். பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினா காசு மிச்சம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. மிச்சமாகாது. ஆனாலும் வாங்கலாம். அதுவும் நம்மள மாதிரி விசாவுல உக்காந்து பொட்டி தட்டுற ஆளுங்க, அறுபதாயிரம் டாலருக்குப் புது ஜெர்மன் எஸ்யூவி எடுத்து ஆறு வருஷம் தவணை கட்டறதுக்கு இது எவ்வளவோ மேல். இதான் நம்ம கட்சி.

நான் வச்சிருக்கறது 2003 மாடல் செவர்லே கார்வெட் ஸீ06. மஞ்சக் கலர். ரெண்டு வருஷம் முன்னாடி மிச்சிகன்ல, 48 ஆயிரம் மைல் ஓடின வண்டி, 22,500 டாலர். முழுசும் ரொக்கம். இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் ஜாதகம். 1997-ல இருந்து 2004 வரைக்கும் வந்த கார்வெட்டை சி5-ன்னு சொல்வாங்க, அதாவது அஞ்சாவது தலைமுறை. ஸீ06 அதுல கொஞ்சம் முறுக்கு ஏத்தின ரகம். 2001-ல 385 குதிரைசக்தியோட வந்தது, 2002-ல இருந்து 405. எஞ்சின் பேரு எல்எஸ்6, 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். ஆறு கியர், மேனுவல் மட்டும்தான். நாலு வினாடி சுமாருக்கு 60 மைல் வேகம். எடைய குறைக்கணும்னு சைலன்சரை டைட்டானியத்துல பண்ணாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு: வண்டியோட தரைப் பலகைக்கு நடுவுல பால்சா மரம்! விளையாட்டு ஏரோப்ளேன் செய்வாங்களே, அதே மரம். ரெண்டு பக்கமும் காம்போசிட் தகடு, நடுவுல மரம். எடை கம்மி, விறைப்பு ஜாஸ்தி, சத்தமும் உள்ள வராது. இதையெல்லாம் ரூம் போட்டு யோசிச்சிருக்காங்க.

ஐரோப்பியக் கார் பக்தருங்க இந்த எஞ்சினைப் பாத்துச் சிரிப்பாங்க. "இன்னும் புஷ்ராடா? தாத்தா காலத்து டெக்னாலஜி"ம்பாங்க. ஆமா, ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதுவும் எஞ்சினோட வயித்துக்குள்ள. சிலிண்டருக்கு ரெண்டே வால்வு. ஆனா தலைக்கு மேல நாலு கேம்ஷாஃப்டைத் தூக்கி வைக்காததாலதான் இந்த எஞ்சின் இவ்வளவு சின்னதா, தாழ்வா, லேசா இருக்கு. குதிரைசக்தியை லிட்டரால வகுத்துப் பாக்கறது காகிதக் கணக்கு. எஞ்சினோட எடையாலயும் அது அடைச்சுக்கிற இடத்தாலயும் வகுத்துப் பாருங்க, அப்பத் தெரியும். நம்ம பாஷைல சொன்னா, பேங்க்ல இன்னமும் ஓடற கோபால் புரோகிராம் மாதிரி. பாக்க அசிங்கமா இருக்கலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு யாரையும் எழுப்பாது.

இன்னொரு ஆச்சரியம், ஹைவேல இது பெட்ரோலைக் குடிக்காது. ஆறாவது கியர்ல 70 மைல் வேகத்துல எஞ்சின் 1,700, 1,800 சுத்துலதான் தூங்கிட்டு இருக்கும். கம்பெனிக்காரங்க இதுக்காக ஒரு தில்லாலங்கடி வேலையும் பண்ணியிருக்காங்க. மெதுவா ஓட்டும்போது முதல் கியர்ல இருந்து ரெண்டாவதுக்குப் போக விடாம நேரா நாலாவதுக்குத் தள்ளிவிடும். அரசாங்க மைலேஜ் பரிட்சைல பாஸ் பண்றதுக்காக. பரிட்சைக்குப் படிச்ச இஞ்சினியருங்க எல்லா ஊர்லயும் இருக்கோம் :-)

சரி, விசா கதைக்கு வருவோம்.

ஹெச்1பி-ல இருக்கறவனுக்கு வேலை போச்சுன்னா 60 நாள். 2017-ல வந்த விதி அது. அதுக்கு முன்னாடி அந்த 60 நாள் கூடக் கிடையாது. 2022 கடைசிலயும் 2023 ஆரம்பத்துலயும் என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பேர் வேண்டாம், அந்த 60 நாள்ல வேலை தேடினதை விட, தவணை பாக்கி இருந்த காரை எப்படித் தள்ளிவிடறதுன்னு அலைஞ்சதுதான் ஜாஸ்தி. வண்டியோட விலை 38 ஆயிரம், கடன் 45 ஆயிரம். கையை விட்டு ஏழாயிரம் கட்டித்தான் வண்டியைக் குடுக்க முடிஞ்சது. மனுஷன் ஊருக்குப் போற டிக்கெட் காசு அது.

பழைய கார்வெட்ல இந்தச் சிக்கல் இல்லை. புதுசா வித்தப்ப இதோட விலை 50 ஆயிரம் டாலர் சொச்சம். விழ வேண்டிய விலையெல்லாம் முந்தின ஓனருங்க தலையில விழுந்து முடிஞ்சிருச்சு. இப்போ நல்ல நிலைல இருக்கறது 20-ல இருந்து 30 ஆயிரத்துக்குள்ள நின்னுக்கிட்டு இருக்கு. நாளைக்கே மூட்டை கட்டணும்னா ஆயிரம் ரெண்டாயிரம் குறைச்சுச் சொன்னா ஒரு வாரத்துல வாங்கிட்டுப் போயிடுவான். கடன்காரன் கிட்ட கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ரொக்கம் குடுத்து வாங்கினா மட்டும்தான் இதெல்லாம். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு லோன் எடுக்கறவனை விடப் பாவப்பட்டவன் கிடையாது. வண்டி ரிப்பேர்ல நிக்கும், தவணை மட்டும் ஓடும்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்". வீடு, அப்புறம். நாய்க்குட்டி, அப்புறம். இந்தியால பொறந்தவனுக்கு அந்த க்யூ எவ்வளவு நீளம்னு தெரிஞ்சுமா இப்படிப் பேசறீங்க? எனக்கு இப்போ 28. அந்த வரிசையை நம்பினா முட்டி வலியோடதான் இந்த வண்டில குனிஞ்சு ஏறணும். சீட்டு தரைல இருந்து ஒரு சாண் உயரம்தான், பாத்துக்கோங்க.

ஊர்ல அப்பாக்கு வீடியோ கால்ல காட்டினேன். நாமக்கல்காரரு, இருபது வருஷம் லாரி ஓட்டினவரு.

"எத்தன பேரு உக்காரலாம் தம்பி?"

"ரெண்டு பேருங்கப்பா."

"எத்தன சிலிண்டரு?"

"எட்டுங்கப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நம்ம லாரிக்கே ஆறுதான தம்பி. ரெண்டு பேர ஏத்தறதுக்கு எட்டா?"ன்னாரு. அதுக்கு என்கிட்ட இன்னமும் பதில் இல்லை. அப்புறம் அவரு கேட்டதுதான் விஷயம்: "டயரு எந்த வருசத்துது?"

இதை எத்தனை பேரு பாக்கறீங்க? டயர் ஓரத்துல கடைசியா நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2315-ன்னா 2015-ம் வருஷம் 23-வது வாரம். இந்த மாதிரி வண்டிங்க கராஜ்லயே தூங்குறதால டயர் தேயவே தேயாது, பாக்க புதுசு மாதிரி இருக்கும், ஆனா ரப்பர் காஞ்சு கல்லாயிருக்கும். 2013 நவம்பர்ல பால் வாக்கர் செத்துப்போன விபத்துல, அவங்க போன போர்ஷேவோட டயருங்களுக்கு ஒம்போது வயசுக்கு மேல. வேகமும் கண்மண் தெரியாத வேகம்தான், ஆனா டயர் வயசையும் விசாரணைல எழுதியிருந்தாங்க. 405 குதிரையை ரோட்டுல பிடிச்சு வைக்கறது நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான். நான் வாங்கின வண்டியோட டயருக்கு பதினோரு வயசு. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைச்சேன், வீட்டுக்கு மெதுவா ஓட்டிட்டு வந்து முதல் வேலையா நாலையும் தூக்கிப் போட்டேன். 1,400 டாலர்.

முதல் வருஷக் கணக்கைச் சொல்லிடறேன். மாநில வரி ஆறு சதவீதம், 1,350. டயர் 1,400. எல்லா ஆயிலும் திரவமும், பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ் உட்பட, நானே மாத்தினதால 350. பெல்ட்டும் ஹோஸும் 200. பேட்டரி 200. ஆக 3,500. இன்சூரன்ஸ் தனியா ஆயிரம். ஓட்டினது மூவாயிரம் மைல். மைலுக்கு ஒண்ணரை டாலர்! இதுல உயர் ரகப் பெட்ரோல் சேத்தியே இல்லை. தங்கமணி இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம்.

வாங்கப் போறவங்க சில விஷயம் பாத்துக்கணும். ஸீ06-ன்னு சொல்லி வேற ஏதாவது விக்கறாங்களான்னு பாக்க வின் நம்பர்ல எட்டாவது எழுத்து 'எஸ்'-ஆ இருக்கணும். 'ஜி'-ன்னா சாதா எல்எஸ்1. அடுத்தது, நம்மாளுங்களுக்குன்னே பண்ணி வச்ச மாதிரி ஒரு வசதி. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, ஆப்ஷன்ஸ் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஃப்யூவல் பட்டனை நாலு தடவை தட்டினா, வண்டில இருக்கற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னோட பிழை எண்ணை வரிசையா டேஷ்போர்டுல ஓட்டும். ஸ்கேனரே வேண்டாம். எண்ணுக்குப் பின்னாடி 'சி'-ன்னா இப்போ இருக்கற கோளாறு, 'ஹெச்'-ன்னா பழசு. விக்கறவன் முன்னாடியே இதைப் பண்ணிப் பாருங்க, முகம் மாறறது தெரியும். எல்லாமே சுத்தமா இருந்தாலும் சந்தேகப்படணும், காலைலதான் யாரோ அழிச்சிருப்பாங்க. லாக் ஃபைலை டெலீட் பண்ணிட்டு "சர்வர் நல்லாத்தான் ஓடுது"ங்கற கதை.

இந்த மாடலோட ஊரறிஞ்ச வியாதிங்க மூணு. பிரேக் கன்ட்ரோல் மாட்யூல் போச்சுன்னா ஏபிஎஸ் போச்சு, புதுசாக் கிடைக்கறது குதிரைக்கொம்பு, பழசைத் தேடித்தான் போடணும். எஞ்சின் முன்னாடி இருக்கற பேலன்சர்ல ரப்பர் விட்டுப்போய் தள்ளாட ஆரம்பிக்கும். அதை மாத்த ஸ்டீயரிங் ரேக்கை நகர்த்தணும். மூணாவது கிளட்ச். கியர்பாக்ஸை எடை சமமா இருக்கட்டும்னு பின்னாடி வச்சுட்டாங்க, அதனால கிளட்ச் மாத்தணும்னா வண்டியோட பின்பாதியே கீழ இறங்கணும். கூலி மட்டுமே எகிறும். வாங்கும்போதே ரெண்டு மூணாயிரம் தனியா எடுத்து வைக்க முடியலைன்னா, இந்த வண்டி பக்கமே போகாதீங்க. நாலு சீட்டு வேணும், மஸ்டங் போதும்னு நினைக்கறவங்க அதையே எடுக்கலாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. 2003 கோப்ராவும் 390 குதிரை, சூப்பர்சார்ஜர் வேற.

யாரோ ஏற்கெனவே "முறுக்கேத்தின" வண்டியை மட்டும் வாங்கவே வாங்காதீங்க. அடுத்தவன் எழுதி, கமென்ட் போடாம விட்டுட்டுப் போன கோட் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?

எதிர்க்கட்சி பேசறதுல ரெண்டு நியாயம் இருக்கு. பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது. வழுக்கினா பிடிக்கற எலக்ட்ரானிக் வசதி இருக்கு, ஆனா ஈர ரோட்டுல முட்டாள்தனத்துக்கு அதுவும் தாங்காது. ரெண்டாவது, இதை ஒரே வண்டியா வச்சுக்க முடியாது. எங்கிட்ட ஆபீசுக்குப் போக ஒரு பழைய கேம்ரி இருக்கு, அதான் உண்மையான குடும்ப இஸ்திரி. மிச்சிகன் பனில உப்பைக் கொட்டுவாங்க. கார்வெட்டுக்கு வெளியுடம்பு பிளாஸ்டிக் மாதிரி, துருப்பிடிக்காது, ஆனா அடியில இருக்கற சட்டமும் பிரேக் குழாயும் இரும்பு. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போர்வைக்குள்ள. வேகம் பாக்கணும்னா அதுக்குன்னு வாட்டர்ஃபோர்டு ஹில்ஸ் மாதிரி ட்ராக் இருக்கு. பொது ரோட்டுல காட்டறவனுக்கு இந்த வண்டி வேண்டாம்.

ஒரு ஆளைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. ஸோரா ஆர்கஸ்-டண்டோவ். 1909-ல பிரஸ்ஸல்ஸ்ல பொறந்தாரு, அப்பா அம்மா ரஷ்ய யூதர்கள். பெர்லின்ல இஞ்சினியரிங். நாஜிங்ககிட்ட இருந்து தப்பிச்சு அமெரிக்கா வந்தாரு. 1953 ஜனவரில நியூயார்க் கண்காட்சில முதல் கார்வெட்டைப் பாத்தாரு. பாக்க அழகு, உள்ள ஆறு சிலிண்டர், 150 குதிரை. கம்பெனிக்கு லெட்டர் போட்டு அதே வருஷம் வேலைல சேந்து, அதை நிஜமான ஸ்போர்ட்ஸ் காரா மாத்தினாரு. ஸீ06-ங்கற பேரே 1963-ல அவரு காலத்துல ரேஸுக்காகக் குடுத்த ஒரு ஆப்ஷனோட எண்தான். எஞ்சினை நடுவுல வைக்கணும்னு கடைசி வரைக்கும் சண்டை போட்டாரு, நடக்கலை. 1996-ல போயிட்டாரு. 2020 மாடல்லதான் நடுவுல வச்சாங்க. அவரோட அஸ்தி கென்டக்கி பௌலிங் கிரீன்ல இருக்கற கார்வெட் மியூசியத்துல இருக்கு. 2014-ல பூமி உள்வாங்கி எட்டு கார்வெட்டை முழுங்குச்சே, அதே மியூசியம். என் வண்டி பொறந்ததும் அந்த ஊர்தான்.

அமெரிக்காவோட கார்னு கொடி பிடிக்கறாங்களே, அதை ஆளாக்கினவரே உச்சரிப்பு மாறாம இங்கிலீஷ் பேசின ஒரு வந்தேறி. ஆகஸ்ட்ல உட்வர்ட் அவென்யூல ட்ரீம் க்ரூஸ் நடக்கும், 1995-ல இருந்து நடக்குது. போன தடவை நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டு நிக்கறேன், ஒரு பெரியவர் வந்து சுத்திப் பாத்துட்டு "உன் ஓனர் எங்கப்பா?"ன்னாரு. சாவியை எடுத்துக் காட்டினேன். உடனே கை குடுத்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, முக்கா மணி நேரம் பேலன்சரைப் பத்திப் பேசினாரு. அவருகிட்ட 1967 மாடல் ஒண்ணு இருக்காம். ஏப்ரல்ல என் பேலன்சரை மாத்தறப்ப ரேக்கைத் தூக்க ஒரு கை பிடிக்க வர்றேன்னு சொல்லியிருக்காரு.