நின்றாலும் அவுட், ஓடினாலும் அவுட்



அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், என் பையன் பேஸ்பால்ல அடிச்ச பந்து உயரமா போச்சு. கேட்ச் பிடிக்கிறதுக்கு முன்னாடியே அம்பயர் அவுட்னுட்டார். அப்புறம் பந்தைக் கீழேயும் விட்டாங்க. அப்பவும் அவுட்டாம். இது நியாயமா சார்?"

எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். இரண்டு நாள் படித்துப் பார்த்தேன். நியாயம்தான்.

பேஸ்பாலில் பந்தை அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடுவான். அங்கே ஏற்கெனவே நிற்பவன் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும். கேட்ச் பிடித்துவிட்டால் மட்டும் அவன் தன் பழைய பேஸிலேயே இருக்கவேண்டும். எளிதான கேட்ச் என்று நம்பி அவன் நின்றால், ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு, எடுத்து எறிந்து, இரண்டு பேரை அவுட்டாக்கலாம். ஓடினாலோ, கேட்ச் பிடித்துவிட்டு, அவன் திரும்புவதற்குள் அவுட்டாக்கலாம்.

இந்தத் தந்திரத்தைத் தடுக்க 1890களில் வந்ததுதான் 'இன்ஃபீல்டு ஃப்ளை' விதி. முதல் இரண்டு பேஸிலும், அல்லது மூன்றிலும் ஆள் இருந்து, இரண்டு அவுட் ஆகாதிருந்தால், அப்படிப்பட்ட எளிய கேட்சுக்கு, அடித்தவன் அவுட் என்று அம்பயர் உடனே சொல்லிவிடுவார். மற்றவர்கள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. பந்து கீழே விழுந்தாலும் நஷ்டம் ஒருவரோடு போகும்.

நம் கிரிக்கெட்டிலும் 2017 அக்டோபர் முதல் இப்படி ஒரு விதி உண்டு. கையில் பந்தே இல்லாமல் எறிவதுபோல் நடித்து பேட்ஸ்மேனை ஏமாற்றினால், எதிரணிக்கு 5 ரன்.

இதைப் படித்தபோது என் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. "வீட்டுப்பாடம் எழுதலை சார்" என்று உண்மை சொன்னவனுக்கும் அடி கொடுத்தேன். "நோட்டை மறந்துட்டேன்" என்று பொய் சொல்லி மாட்டியவனுக்கும் அதே அடி. நின்றாலும் அவுட், ஓடினாலும் அவுட். பிள்ளைகள் பொய் சொல்லப் பழகியதில் என் பங்கும் உண்டு. உண்மை சொன்னால் அடி இல்லை என்று முதல் நாளே நான் அறிவித்திருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. அடி வாங்கியவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னியுங்கள்.

இன்று நீங்களும் பெற்றோர். பிள்ளை ஒரு தவறை ஒப்புக்கொள்ள வரும்போது, எப்படிச் சொன்னாலும் திட்டுதான் என்ற நிலையில் அவனை நிறுத்தாதீர்கள். கெட்டிக்காரன் தப்பித்துக்கொள்வான். நம்மை நம்பி நின்றவன்தான் அகப்படுவான். அந்த நம்பியவனைக் காப்பதற்குத்தான் விதி.