நெஞ்சுரமா, கணக்கா?

கிரிப்டோ நாணய வாணிபத்தில் இறங்கும் நம் இளைஞர்களின் செவிகளில் இன்று ஓர் உபதேசம் ஓயாது ஓதப்படுகிறது. "விலை திடீரெனச் சரியும்; திடீரென ஏறும்; அஞ்சற்க! நெஞ்சுரம் உள்ளவனே வெல்வான்" என்பதே அது. கேட்பதற்கு வீரவுரைதான். ஆனால், குடும்பங்களைக் கெடுப்பதில் இதனை விஞ்சும் அறிவுரை வேறில்லை என்பேன்.

சரிவைத் தாங்குவது நெஞ்சின் வேலையன்று, கணக்கின் வேலை. நூறு ரூபாய் ஐம்பதாக, விலை பாதி குறைந்தால் போதும்; ஐம்பது மீண்டும் நூறாக, விலை இரு மடங்காக வேண்டும். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. உச்சத்தில் வாங்கியவர் போட்ட முதலைக் காண 2024 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. மிச்சப் பணத்தில் வாங்கியவர் காத்திருக்கலாம். மகளின் திருமணத்திற்கென வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் வாங்கியவர் காத்திருக்க இயலுமா? நெஞ்சுரம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், நிலைமை ஒன்றா?

இன்னும் சிலர் 'லெவரேஜ்' என்னும் கடன் ஏணியைக் காட்டுகின்றனர். கையில் பத்தாயிரம் வைத்துக்கொண்டு ஒரு லட்சத்திற்கு வாணிபம் செய்யலாமாம்! விலை பத்து விழுக்காடு சரிந்தால் கைப்பணம் அனைத்தும் போயிற்று. அதற்கு முன்பே, அவரைக் கேளாமலே அவர் கணக்கு முடிக்கப்பட்டுவிடும். மறுநாள் விலை ஏறினும் அவருக்குப் பயனில்லை. சீனப் பொருள்கள் மீது கூடுதல் வரி என அமெரிக்க அதிபர் அறிவித்த 2025 அக்டோபர் 10-ஐ ஒட்டி, ஒரு நாள் பொழுதில் இவ்வாறு முடிக்கப்பட்ட வாணிபத்தின் மதிப்பு 1,900 கோடி டாலருக்கும் மேல்!

"குறித்த விலைக்கு இறங்கியதும் 'ஸ்டாப்-லாஸ்' தானே விற்றுக் காக்கும்" என்பார்கள். வாங்குவோர் இருந்தாலன்றோ விற்க முடியும்? 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் சரிந்தது. அத்தகைய நாளில் நாம் குறித்த விலை ஒன்று. கிடைக்கும் விலை வேறொன்று.

"சரியும்போது மேலும் வாங்கு" என்பது மற்றொரு மந்திரம். 2022 ஏப்ரலில் நூறு டாலருக்கு மேல் விற்ற லூனா, மே மாத நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போயிற்று. 80 டாலரில் மலிவென்று வாங்கியவரும் 8 டாலரில் மலிவென்று வாங்கியவரும் ஒரே குழியில் வீழ்ந்தனர்.

"பங்குச் சந்தையும் ஆடத்தானே செய்கிறது?" எனக் கேட்கலாம். ஆடுகிறது. ஆயினும், நம் நாட்டுப் பங்குச் சந்தை மாலையில் மூடப்படுகிறது. குறியீட்டெண் 10, 15, 20 விழுக்காடு என ஆடும்போது வாணிபமே நிறுத்தப்படுகிறது. கிரிப்டோ சந்தைக்கோ இரவுமில்லை, விடுமுறையுமில்லை, எல்லார்க்கும் பொதுவான நிறுத்தமுமில்லை. பஜ்ருக்கு எழ வேண்டியவர் விடிய விடியக் கைபேசியை வெறித்திருப்பதுதான் நெஞ்சுரமா?

வரிச் சட்டமும் இங்கே துணைக்கு வாராது. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி. ஒரு விற்பனையின் நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க வழியில்லை. ஐந்து முறை வென்று ஐந்து முறை அதே அளவு தோற்றவர், கையில் ஒன்றும் மிஞ்சாவிடினும் வரி செலுத்த வேண்டும்!

இவ்வாணிபம் கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை அவர்களிடமே விடுவோம். ஆனால், வட்டியை வாசலில் நிறுத்திய வீடுகள், 'லெவரேஜ்' என்னும் பெயரில் கடனுக்குக் கட்டணம் செலுத்தி அதனைக் கைபேசி வழியே உள்ளே அழைப்பது என்ன நியாயம்?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இதில் இறங்கியே தீர்வேன் என்றால், நெஞ்சுரத்தைப் பற்றிக் கேளாதீர்கள். "இந்தப் பணம் முழுவதும் போனால் இவ்வீட்டில் எது நின்றுபோகும்?" என்று கேளுங்கள். "எதுவும் நிற்காது" என்பது உண்மையான விடையாயின், அவர் சரிவைத் தாங்குவார். கல்விக் கட்டணமோ, தாயின் மருந்தோ, தங்கையின் நகையோ அவ்விடையில் வருமானால், அந்தப் பணத்தை அன்றே வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.